நான் எதுக்கு

யாரும் வடிவைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். மகன் நாதன்தான் கேட்டான். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான், ஆனாலும் கேட்டான். அம்மா, நாளைக்கு நீங்களும் வாரீங்களா என்றான். அந்தக் கேள்வியின் வால் இன்னும் அவன் வாயிலேயே இருந்தது, அதற்குள் வடிவு சொல்லிவிட்டாள்: "நான் எதுக்கு? நீங்க போய்ட்டு வாங்க." பந்தியில் பாயசவாளி பக்கத்தில் வரும்போதே இலைக்குக் குறுக்கே கை போய்விடுகிறதே, போதும் என்று வயிறு சொல்வதற்கு முன்னால் கை சொல்லிவிடுகிறதே, அப்படி. சொன்னது தான்தான் என்பதே சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் பேச்சு அவளை விட்டு நகர்ந்து போய்விட்டது. நாதனும் அவன் அப்பாவும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து நாளைக் காலைப் பயணத்தைத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சோபாவில் உட்கார்ந்து, டிரையரிலிருந்து அப்போதுதான் எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் சுடச்சுட இருந்தது. இந்த அரிசோனாவில் வெயிலுக்கா பஞ்சம், ஒரு கொடி கட்டிக் காயப்போட்டால் முறுகிப்போகும், ஆனால் இந்தத் தெருவில் யாரும் துணியை வெளியே காட்டுவதில்லையாம். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த புதிதில் அதைக் கேட்டு அவள் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. கையில் நாதனின் சட்டை. காலர், கை, பாதியாக, அப்புறம் இன்னொரு பாதி. நான் எதுக்கு. நான் எதுக்கு என்றால் என்ன அர்த்தம்? அதற்கு ஒரு பதில் இருக்கும் என்று யாராவது நினைத்திருக்கிறார்களா?

போகப்போகிற இடம் ஊருக்கு வெளியே, பாலைவனத்துக்குள் இருக்கிறது. துப்பாக்கி சுடுகிற மைதானம். போலீசுக்கோ பட்டாளத்துக்கோ உரியது அல்ல, பொதுஜனத்துக்கானது, நம்ம ஊரில் பூங்காவுக்குப் போகிற மாதிரி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிவிட்டுப் போய்ச் சுடலாம் என்று நாதன் சொன்னபோது அவன் அப்பா நம்பவே இல்லை. சங்கரலிங்கம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் கையால் பிடித்த பெரிய ஆயுதம் கொறடுதான் என்று அவரே சொல்லிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நாதனின் சிநேகிதன் ஜெயராஜ் நாகர்கோவில்காரன், இங்கேயே பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறவன், அவனிடம் துப்பாக்கி இருக்கிறது. அவன் குரல் மேஜைமேல் கிடந்த போனிலிருந்து ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது. விரல் தெரிகிற செருப்பு ஆகாது, ஷூ வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, அதெல்லாம் அங்கேயே தருவார்கள். மேலே கூரை மட்டும் உண்டு, மற்றபடி திறந்தவெளி, பின்னால் மலை, குண்டெல்லாம் அந்த மலைச் சரிவுக்குத்தான் போகும். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். மாமாவுக்குப் பழக்கம் இல்லையா, அப்போ தோளை உதைக்காத சின்னத் துப்பாக்கியாகக் கொண்டுவருகிறேன் என்றான். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னான். "பாயின்ட் டூ டூ போதும் மாமா. அது சும்மா, பிள்ளைங்க சுடுறது." வடிவின் கை சட்டையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவள் வாய்க்குள் நாக்கு ஒருமுறை அசைந்தது. பாயின்ட் டூ டூ. எத்தனை காலமாயிற்று அதை ஒரு மனுஷர் வாயால் கேட்டு. செத்துப்போன ஒருத்தியின் செல்லப்பெயரைத் தெருவில் யாரோ கூப்பிட்டது போல இருந்தது. சின்னப்பிள்ளைகள் சுடுவது. இருக்கட்டும். அவள் அப்போது சின்னப்பிள்ளைதானே, பத்தொன்பது வயசு ஒரு வயசா.

பாளையங்கோட்டையில் காலேஜில் படிக்கும்போது என்.சி.சி.யில் சேர்ந்தது பூரிக்காகத்தான். பரேடு முடிந்தால் பூரி கிழங்கு உண்டு என்று ஃப்ளாரன்ஸ் சொன்னாள். ஃப்ளாரன்ஸ் சமாதானபுரத்துப் பெண், வகுப்பில் பக்கத்து இடம், எதற்கும் வெட்கப்படாதவள். அவளுக்குத் துணையாகப் போய் வெயிலில் நின்று, கால் மாற்றி நடந்து, கடைசியில் ஒருநாள் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே மலையடிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கும் மலைதான் பின்னால். மலைக்கு முன்னால் மண்மேடு, மேட்டின்முன் பலகையில் ஒட்டிய தாள், தாள் நடுவே கறுப்பு வட்டம். தரையில் விரித்த பாயில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்கள், வெட்டவெளியில் ஆம்பிளைகள் பார்க்கக் குப்புறப் படுப்பதா என்று. வடிவு படுத்தாள். சுடுகிற மண்ணின் வெக்கை பாயைத் தாண்டி வயிற்றில் ஏறியது. துப்பாக்கியின் கட்டை கன்னத்தில் பட்டது, எண்ணெய் வாசம், யாரோ ஒருத்தரின் வேர்வை வாசம். இடது கண்ணை மூடினாள். உலகம் சின்னதாயிற்று. வீடு, அம்மா, பாடம், தீட்டு, கல்யாணப் பேச்சு, எதிர்வீட்டுக்காரன் பார்வை, எல்லாம் மூடின கண்ணோடு போய்விட்டது. திறந்த கண்ணில் ஒரு வட்டம் மட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்து என்று பயிற்சி கொடுத்த ஹவில்தார் சொன்னதை அவள் செய்தாள். ஆனால் அவர் சொல்லாத ஒன்றும் அங்கே இருந்தது. மூச்சை நிறுத்தியபிறகு நெஞ்சு அடிப்பது கேட்கிறது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் யாரும் இல்லை. அங்கே அவள் விரல் தானாக மடங்கியது. சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை. தாளை எடுத்து வந்தபோது அஞ்சு ஓட்டையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன, ஒரு எட்டணாவை வைத்து மூடிவிடலாம். ஹவில்தார் அவளை விட்டுவிட்டுத் துப்பாக்கியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃப்ளாரன்ஸ், "ஏட்டி, யாருட்டி நீ?" என்றாள்.

காலுறைகளுக்கு ஜோடி தேட வேண்டும். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி, ஆனால் வடிவுக்கு விளிம்பைப் பார்த்தாலே தெரியும் எது எதனுடைய ஜோடி என்று. அந்தக் கண் எங்கே போயிற்று என்று கேட்டால் இதற்கெல்லாம்தான் போயிற்று. ஊசியில் நூல் கோக்க. நாதன் தலையில் ஈர் பார்க்க. அரிசியில் கல். சுவரில் மாமனார் படம் ஒரு நூல் சாய்ந்திருப்பதை வாசலிலிருந்தே சொல்ல. நாதனைப் பெறும்போது வலி நெருக்கிய நேரத்தில் அவள் மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொண்டாளாம், நர்ஸ் அதட்டினாள், மூச்சை விடும்மா, பிள்ளை திணறும் என்று. பிள்ளைக்கு ஏதும் ஆகியிருந்தால்? அதை நினைத்து எத்தனை நாள் பயந்தாள். போன வருஷம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னபோது அவள் இடது கண்ணை மூடிக்கொண்டு தோளை லேசாக முன்னால் கொண்டுபோனாளாம், டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, என்னம்மா குறி பார்க்கிறீங்களா என்றாள். வடிவும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் இடது கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டே வந்தாள். இப்போது அந்தக் கண்ணுக்குள் இருப்பது யாரோ வைத்த கண்ணாடிச் சில்லு. அதன் வழியே அந்த வட்டம் தெரியுமா? தெரியாவிட்டால்? போய்ப் படுத்து, இல்லை, இங்கே படுக்க வேண்டாமாம், மேஜைமேல் வைத்து உட்கார்ந்தபடியே சுடலாமாம், உட்கார்ந்து பார்த்து, வட்டம் ஆவி மாதிரிக் கலங்கி, கை நடுங்கி, குண்டு மலையில் எங்கோ போய், எல்லாரும் பரவாயில்லை பரவாயில்லை என்றால்? இப்போதாவது அது உள்ளே முழுசாக இருக்கிறது. போகாமல் இருந்தால் முழுசாகவே இருக்கும். போகாமல் இருந்துதான் இத்தனை காலம் முழுசாக வைத்திருக்கிறாள். சீ, இது என்ன ஆசை, பேரன் பேத்தி எடுக்கிற வயசில் துப்பாக்கி மேல். மருமகள் மிருதுளாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. அவள் பள்ளிக்கூடத்தில் உதவி டீச்சராக இருக்கிறாள். மாசத்துக்கு ஒருநாள் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, பிள்ளைகளை மேஜைக்கு அடியில் சத்தம் போடாமல் உட்காரவைத்துப் பழக்குகிறார்களாம், துப்பாக்கியோடு எவனாவது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டே மூத்திரம் போய்விட்டது என்று சொல்லி மிருதுளா அழுதாள். நாளைய திட்டம் ஆரம்பித்ததும், "நானும் அத்தையும் வீட்டுலயே இருந்துக்கறோங்க" என்று கோயமுத்தூர்க்காரிகளுக்கே உரிய பதமான குரலில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நானும் அத்தையும். அந்தப் பிள்ளையை ஒளிய வைத்ததும் வடிவை ஒருநாள் உலகத்திலிருந்தே விடுவித்ததும் ஒரே இரும்புதான். இரண்டையும் ஒரே மனசில் எங்கே வைப்பது?

அன்றைக்கு அவள் அம்மா கேட்டது கிணற்றடியில். டெல்லியில் பெரிய போட்டி, தமிழ்நாட்டுப் பெண்பிள்ளைகளில் வடிவுக்கு முதல் இடம், ஃப்ளாரன்ஸுக்கு அடுத்த இடம், வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டில் வந்து சொன்னாள், சொன்னதோடு சரி, கேட்கவில்லை. இரண்டு நாள் அதைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா கிணற்றடிக்கு வந்து, வாழை இலையைக் கழுவிக்கொண்டே, "போணும்னு சொல்லுதாளான்னு அப்பா கேக்கச் சொன்னாவ" என்றாள். வாழை இலை எதற்கு? அன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், மின்வாரியத்து மாப்பிள்ளை. வடிவு வாளியைக் கிணற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். வாளி தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டாள். நான் எதுக்கு. அம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள், உள்ளே அப்பா ஒன்றும் சொன்னதாகக் கேட்கவில்லை. அவ்வளவுதான். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை, அறையில் பூட்டவில்லை, பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு என்று யாரும் சொல்லவில்லை, அதையும் அவளேதான் சொல்லிக்கொண்டாள். மறுநாள் ஃப்ளாரன்ஸ் விடவில்லை, ஏன், ஏன் என்று மரத்தடியில் நிறுத்திக் கேட்டாள். வடிவு சொன்னாள், அப்பா விடல. எவ்வளவு சுலபமாக வந்தது அது. எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே, யாரும் நம்பாமல் இருக்கப்போவதில்லை. ஃப்ளாரன்ஸ் டெல்லிக்குப் போய் வந்தாள். கல்யாணத்துக்கு வந்தாள். மண்டபத்தில், பந்திக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த அப்பாவை நேரே போய்ப் பிடித்தாள், அவளுக்கு எதற்குப் பயம். "நீங்க மட்டும் விட்டிருந்தா வடிவு எங்கயோ போயிருப்பா, அங்கிள்." வடிவு மாலையோடு நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்த மனுஷர், யாரிடமும் ஒரு வார்த்தை கடுத்துப் பேசியறியாதவர். அவர் ஃப்ளாரன்ஸைப் பார்த்தார். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருக்கும். ஏதோ கணக்குப் புரிந்த மாதிரி ஒரு பார்வை. "ஆமாம்மா," என்றார் ஃப்ளாரன்ஸிடம். "விட்டிருக்கணும். எனக்குத்தான் அப்ப மனசு வரல." சொல்லிவிட்டு, சாப்பிட்டியாம்மா என்று கேட்டு அவளைப் பந்திக்குக் கூட்டிப்போனார். மாலை வடிவின் கழுத்தை அறுத்தது. கூப்பிட்டிருக்கலாம். அப்பா என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். நாதஸ்வரச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அப்புறம் பல வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாதஸ்வரக்காரர்கள் அப்போது காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அது கேள்விதானா? இலையைக் கழுவிக்கொண்டே கேட்டால் அது கேள்வியா? போனைப் பார்த்துக்கொண்டே கேட்டால்? வேண்டாம் என்ற பதிலுக்கு மட்டும் இடம் விட்டுக் கேட்கிற கேள்விகள் இருக்கின்றன, அவற்றைத்தானே இத்தனை காலம் கேட்டார்கள். காசிக்கு எல்லாரும் போகிறோம், வடிவு, மாமியாரைப் பார்த்துக்கணுமே, நீயும் வாறியா? ஸ்கூட்டர் வாங்கின புதிதில், ஓட்டிப் பாக்கியா, சேலை மாட்டிக்கிடாம? கோபம் வந்தது. கோபம் வந்தால் கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கிறது, எல்லாப் பழியும் இலைமேலும் போன்மேலும் போய்விடுகிறது. துண்டை உதறி மடித்தாள். ஆனால் பொருட்காட்சி? அதை என்ன செய்வது? நாதனுக்கு நாலு வயசு இருக்கும், ஆனித் திருவிழாச் சமயம், அப்பா பேரனைத் தூக்கிக்கொண்டு பொருட்காட்சிக்கு வந்தார். பலூன் சுடுகிற கடைமுன் நின்றார். பலகையில் கலர்கலராகப் பலூன். கடைக்காரனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, அப்பா அதை வடிவிடம் நீட்டினார். இலை கழுவவில்லை, ஆள் விட்டுக் கேட்கவில்லை, நேரே கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். "சுடுதியாம்மா?" பக்கத்தில் மாமியார் நின்றாள். மாமியார் அப்பளக் கடையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், அவளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நான் எதுக்குப்பா, நீங்க சுடுங்க. அப்பா கொஞ்சநேரம் நீட்டியபடியே இருந்தார். பிறகு தானே சுட்டார். ஒன்றும் படவில்லை, ஒவ்வொரு தடவையும் பேரனைப் பார்த்துச் சிரித்தார், நாதன் கைதட்டினான். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை. சாகக் கிடந்தபோதுகூடத் தண்ணீரை அம்மாவிடம்தான் கேட்டார். விடாத அப்பாவாகவே அவர் போய்ச் சேர்ந்தார். ஃப்ளாரன்ஸ் இப்போது எங்கே இருக்கிறாளோ, யாரிடமாவது அந்தக் கதையைச் சொன்னால் அப்படித்தான் சொல்லுவாள், என்கூட ஒருத்தி படிச்சா, நல்லாச் சுடுவா, அவ அப்பா விடல.

மேஜையில் திட்டம் முடிகிற மாதிரி இருந்தது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில், தொப்பி, திரும்பும்போது வழியில் சாப்பாடு. சங்கரலிங்கம் எழுந்து ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, சுவர்க் கடிகாரத்தைச் சுட்டுப் பார்த்தார். தவறான கண்ணை மூடியிருந்தார். கையும் விறைத்துக் கிடந்தது, அப்படிப் பிடித்தால் கடிகாரம் என்ன, சுவரே கிடைக்காது. வடிவுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் என்ன கேட்பார்கள்? சத்தம் தாங்காது, தலைவலி வரும் என்பார் இவர். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். வெயிலாச்சே என்பான் நாதன், அதற்கும் இருந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்றால் காலேஜிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஏன் சொல்லவில்லை என்பார், அப்புறம் ஏன் விட்டாய் என்பார், அப்போது நாக்கு எந்தப் பக்கம் புரளும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. மிருதுளா மாடியிலிருந்து வந்து பார்க்கிற பார்வைக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. நாளைக்குத் திரும்பி வந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அவள் கேட்டால், கேட்காவிட்டாலும். நெஞ்சு அடிப்பது கேட்டது. கூடையில் ஒரே ஒரு தலையணை உறைதான் மிச்சம். அதை எடுக்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, பொதுவாக அந்த மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"நானும் வாரேன்."

நாதன் நிமிர்ந்தான். "சரிம்மா," என்றான். போனில் எதையோ தட்டினான். சங்கரலிங்கம் கடிகாரத்திலிருந்து கையை இறக்கி, நல்லதாப் போச்சு, நீயும் வந்தா எனக்கும் துணை என்று சொல்லிவிட்டு, பின்சீட்டில் யார் உட்காருவது என்று மகனிடம் கேட்கப் போய்விட்டார். அவ்வளவுதான். அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள், தயாராக வைத்திருந்த பதில்களோடு, ஒன்றையும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. குளிர்சாதனம் ஓடுகிற சத்தம். தெருவில் ஒரு கார் போயிற்று. இவ்வளவுதானா? இதற்குத்தானா? ஒரு சுவர் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, ஒருத்தராவது எழுந்து நின்று கூடாது என்று சத்தம் போட்டிருந்தால், அதை முட்டி மோதி இந்த வயசில் ஜெயித்தேன் என்று இருந்திருக்கும். ஒன்றுமே இல்லை. கிணற்றடியிலும் இதே இரண்டு வார்த்தைதான் வேண்டியிருந்திருக்கும். அம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருப்பாள், அப்பா பெட்டியை எங்கே வைத்தோம் என்று பரணில் தேட ஆரம்பித்திருப்பார். அழுகை கண்ணுக்கு வரவில்லை. தலையணை உறையை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டாள். முகத்தில் துடைக்க ஒன்றும் இல்லை.

போனில் ஜெயராஜ் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. அவன் என்னவோ கேட்டான், நாதன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து சோபாவுக்கே வந்துவிட்டான். அவள் எதிரில் குனிந்து நின்றான். "அம்மா, உங்களுக்கு எந்தக் கண்ணும்மா நல்லாத் தெரியும்? வலதா, இடதா? அதுக்குத் தக்கனதான் துப்பாக்கியை வைக்கணுமாம், ஜெயராஜ் கேக்கான்." சொல்லிவிட்டு நின்றான். வேறு எங்கும் பார்க்கவில்லை. போனின் அந்தப் பக்கத்திலும் சத்தம் இல்லை. மேஜையருகே இருந்து அவள் புருஷனும் திரும்பிப் பார்த்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது, அவள் சொன்னால்தான் தெரியும், அதற்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

"வலது கண்ணுதான்," என்றாள் வடிவு. "இப்ப எப்படி இருக்கோ, தெரியல."